ஓசார்க்ஸ் பக்கம் குழந்தைகளோட ஆர்வி: எந்த கேம்ப்கிரவுண்ட்?

பயணக்குடில் · பிப்ரவரி 3, இரவு 9:40

ஜூன் நடுவுல ஒரு வாரம். அமெரிக்காவோட ஓசார்க்ஸ் மலைப்பக்கம்: மிசூரி தெற்கு, ஆர்கன்சா வடக்கு. வாடகை ஆர்வி (உள்ளேயே சமைச்சுத் தூங்குற வண்டி), கிளாஸ் சி ரகம், 28 அடி, 30 ஆம்ப். நாங்க ரெண்டு பேர், 4 வயசு, 9 வயசு, கூட அம்மா (68, முட்டி வலி, ஊர்லேர்ந்து விசிட்டர் விசால வந்திருக்காங்க).

என் கணக்கு ரொம்ப சிம்பிள். ஃபுல் ஹூக்கப் (கரெண்ட், தண்ணி, சாக்கடை மூணு இணைப்பும்), நீச்சல் குளம், பிளேகிரவுண்ட். மூணும் இருந்தா ஃபேமிலி இடம், ஒண்ணு குறைஞ்சாலும் தள்ளிடலாம். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

வாண்டு அம்மா · பிப்ரவரி 3, இரவு 10:25

மறுக்கிறேன். அந்த மூணும் கேம்ப்கிரவுண்டைப் பத்தின தகவல். நீங்க தூங்கப்போறது ஒரு சைட்ல, அதாவது உங்க வண்டி நிக்கிற துண்டு இடத்துல. ஒரே கேம்ப்கிரவுண்ட்ல சைட் 12 சொர்க்கமாவும் சைட் 31 நரகமாவும் இருக்கும். முதல்ல சைட் மேப்பைத் திறங்க, வசதிப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.

மேப்ல நான் தேடுறது: பாத்ஹவுஸ் (பொதுக் குளியலறை, கழிப்பறை) எங்கே, டம்ப் ஸ்டேஷன் (கழிவு டேங்க்கைக் காலி பண்ற இடம்) எங்கே, லூப் (சைட்டுகள் ஓரமா போற வளைய ரோடு) ஒருவழியா, வளைவுல இருக்கிற சைட் எது. வளைவு சைட்னா ராத்திரி லேட்டா வர்ற ஒவ்வொரு வண்டியோட ஹெட்லைட்டும் உங்க ஜன்னலைத் தடவிட்டுப் போகும். பாத்ஹவுஸை ஒட்டின சைட் வசதின்னு தோணும், ஆனா ராத்திரி முழுக்க விளக்கு, கதவுச் சத்தம், உங்க மேசைக்கும் வண்டிக்கும் நடுவுல மத்தவங்களோட குறுக்கு நடை. ரெண்டு மூணு சைட் தள்ளி எடுங்க. அம்மாவுக்கு நடக்கவும் தூரமில்லை, சத்தமும் குறையும்.

4 வயசுக் குழந்தைக்கு லூப்போட வெளிப்பக்க சைட். முதுகுக்குப் பின்னாடி காடு, முன்னாடி மட்டும் ரோடு. உள்பக்க சைட்டுக்கு முன்னாலயும் ரோடு, பல இடத்துல பின்னாலயும் ரோடு. வேக வரம்பு மணிக்கு 5 மைல்னு போர்டு இருக்கும். 40 அடி ட்ரெய்லரைப் பின்னாடி தள்ளுறவருக்கு அந்தப் போர்டும் தெரியாது, உங்க பொண்ணோட சைக்கிளும் தெரியாது.

பயணக்குடில் · பிப்ரவரி 3, இரவு 10:41

பையன். சைக்கிள் சரி.

சாக்கடைச் சித்தர் · பிப்ரவரி 4, காலை 6:50

ஃபுல் ஹூக்கப் இல்லாட்டி தள்ளிடலாம்னு சொன்னா, ஓசார்க்ஸ்ல இருக்கிற நல்ல இடங்கள்ல பெரும்பாதியைத் தள்ளுறீங்க. ஆர்மி கோர் ஆஃப் எஞ்சினியர்ஸ் (ராணுவப் பொறியாளர் துறை) ஏரிக்கரை கேம்ப்கிரவுண்டுகள், நேஷனல் பார்க் சர்வீஸ் இடங்கள், ஸ்டேட் பார்க் இதுல பலதுல கரெண்ட் இருக்கும், சிலதுல சைட்லயே தண்ணியும் இருக்கும். சாக்கடைக் குழாய்தான் அபூர்வம். ஆர்கன்சா ஸ்டேட் பார்க்ல எழுத்தைப் பாருங்க: ஏஏஏ வகைக்கு சாக்கடையும் உண்டு, ஏஏ வகைக்கு 50 ஆம்பும் தண்ணியும், பி வகைக்கு 30 ஆம்பும் தண்ணியும். உங்களுக்கு பி போதும்.

சாக்கடை இல்லாம அஞ்சு பேர் எத்தனை நாள் தாங்கும்? 28 அடி வாடகை வண்டியில பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவு), கிரே டேங்க் (குளியல், பாத்திரத் தண்ணி) ரெண்டும் 30 காலன் சுமாருக்கு இருக்கும் (உங்க வண்டி ஸ்பெக் ஷீட்டைப் பாருங்க). குளியல் பாத்ஹவுஸ்ல, பாத்திரம் மட்டும் வண்டியில: மூணு நாள் ஓடும். வண்டிக்குள்ள ஷவர்னா நிமிஷத்துக்கு 2 காலன் கிட்ட போகும். அஞ்சு பேர் ஆளுக்கு மூணு நிமிஷம் குளிச்சா 30 காலன், ஒரே நாள்ல கிரே காலி. காலின்னா நிறைஞ்சாச்சுன்னு அர்த்தம்.

பயணக்குடில் · பிப்ரவரி 4, காலை 7:15

டேங்க் நிறைஞ்சா எப்படித் தெரியும்? பேனல்ல லைட் வரும்னு வண்டியை வாடகைக்கு விடுறவர் சொன்னார்.

சாக்கடைச் சித்தர் · பிப்ரவரி 4, காலை 7:32

அந்த லைட்டை நம்பாதீங்க. பிளாக் டேங்க் சென்சார்ல பேப்பர் ஒட்டிக்கிட்டா காலி டேங்க்கும் முக்கால் நிறைவு காட்டும். கிரே நிறைஞ்சா முதல்ல ஷவர் தளத்துல தண்ணி எதிர்த்து ஏறும், அதுதான் தாழ்வான வடிகால். பிளாக் நிறைஞ்சா பெடல் மிதிச்சதும் "குபுக்"னு காத்து வரும். அந்த சத்தம் கேட்டதுக்கப்புறம் யாரையும் உள்ளே விடாதீங்க.

காலி பண்ற வரிசை: ஹோஸ் மாட்டு, பிளாக் திற, முழுக்க வடியட்டும், மூடு. அப்புறம் கிரே திற. சோப்புத் தண்ணி ஹோஸைக் கழுவிட்டுப் போயிடும். ரெண்டையும் ஒண்ணா திறந்து வைக்கிறவன் இன்னும் வாழ்க்கையைப் படிக்கலை.

ஃபுல் ஹூக்கப் கிடைச்சாலும் பிளாக் வால்வை மூடியே வைங்க. திறந்து விட்டா திரவம் ஓடிடும், திடம் தங்கிக் காய்ஞ்சு டாய்லெட்டுக்கு நேர் கீழே கோபுரம் எழும்பும். மூணுல ரெண்டு பங்கு நிறைஞ்ச பிறகு ஒரே மூச்சா திறக்கணும், அந்த வேகம்தான் எல்லாத்தையும் இழுத்துட்டுப் போகும்.

முப்பது ஆம்ப் · பிப்ரவரி 4, மதியம் 12:08

என் பேருக்கேத்த வண்டி வந்திருக்கு. 30 ஆம்ப் × 120 வோல்ட் = 3,600 வாட். அவ்வளவுதான் உங்க ராஜ்ஜியம். 50 ஆம்ப் பிளக்ல 120 வோல்ட் லைன் ரெண்டு, அதனால 12,000 வாட். 30க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் 20 இல்லை, மூணு மடங்குக்கு மேல.

ஜூன்ல ஓசார்க்ஸ் புழுக்கத்துல ஏசி நாள் முழுக்க ஓடும். 13,500 பிடியு ஏசி ஒண்ணு 13 ஆம்ப் கிட்ட எடுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது இன்னும் அதிகம். மைக்ரோவேவ் 12. கெட்டில் 12. வாட்டர் ஹீட்டரை எலெக்ட்ரிக்ல விட்டா இன்னொரு 12. ஏசியோட சேர்த்து இதுல ஒண்ணு மட்டும்தான் ஒரு நேரத்துல. ஹீட்டரை கேஸுக்கு மாத்திடுங்க.

வசதிப் பட்டியல்ல வராத விஷயம் வோல்டேஜ். பழைய கிராமப்புற பார்க்ல ஒயரிங் எப்பவோ சின்ன ட்ரெய்லருக்குப் போட்டது. சனிக்கிழமை மதியம் மூணு மணிக்கு எல்லா ஏசியும் ஓடும்போது லைனோட கடைசி பெடஸ்டல்ல (சைட்ல வண்டியைச் சொருகுற கரெண்ட் பெட்டி) 120 வோல்ட் 106க்கு இறங்கும். 105க்குக் கீழே போனா கம்ப்ரெசர் திணறிச் சூடேறும். வோல்டேஜ் குறைஞ்சா தானா கரெண்டைத் துண்டிக்கிற ஈஎம்எஸ் கருவி ஒண்ணு வாங்கிக்குங்க. வெறும் சர்ஜ் ப்ரொடெக்டர் மின்னலைத்தான் பார்க்கும், குறைஞ்ச வோல்டேஜைக் கண்டுக்காது. அது இல்லாட்டி வண்டிக்குள்ள சாக்கெட்ல சொருகுற சின்ன வோல்ட்மீட்டராவது.

பெடஸ்டல் முன்னாடி நின்னதும்: பிரேக்கரை ஆஃப் பண்ணு. சாக்கெட் துளையைப் பாரு. கறுத்திருந்தா, உருகியிருந்தா, பிளக் தளதளன்னு ஆடினா, வேற சைட் கேளு. சொருகு, பிரேக்கர் ஆன். கிளம்பும்போது இதே, தலைகீழா.

வாண்டு அம்மா · பிப்ரவரி 4, மதியம் 12:30

போன்ல "உங்க வோல்டேஜ் எவ்வளவு"ன்னு கேட்டா பார்க் ஆபீஸ்ல என்ன சொல்வாங்க ஜி?

முப்பது ஆம்ப் · பிப்ரவரி 4, மதியம் 12:44

"நல்லா இருக்கு"ன்னு சொல்வாங்க. அதனால அப்படிக் கேட்கக் கூடாது. "எலெக்ட்ரிக்கலை எந்த வருஷம் மாத்தினீங்க, எந்த லூப் புதுசு?"ன்னு கேளுங்க. புது லூப்னு ஒண்ணு இருந்தா பெருமையா சொல்லிடுவாங்க. ரிவ்யூல "பிரேக்கர்", "வோல்டேஜ்"ங்கிற ரெண்டு வார்த்தையைத் தேடுங்க, ஜூலை, ஆகஸ்ட்ல எழுதினதை மட்டும் படிங்க. அக்டோபர்ல வந்து அஞ்சு நட்சத்திரம் போட்டவர் ஏசியே போட்டிருக்க மாட்டார்.

கரையோரம் · பிப்ரவரி 4, இரவு 8:55

எல்லாரும் டேங்க்கையும் பிளக்கையும் பேசுறீங்க. ஓசார்க்ஸ்ல முதல் கேள்வி தண்ணி எவ்வளவு சீக்கிரம் ஏறும்ங்கிறது.

2010 ஜூன் 11 விடியற்காலை. ஆர்கன்சா, ஆல்பர்ட் பைக் கேம்ப்கிரவுண்ட். லிட்டில் மிசூரி ஆறு சில மணி நேரத்துல 20 அடி உயர்ந்தது. தூங்கிக்கிட்டிருந்த 20 பேர் செத்துப்போனாங்க. அது வாசிடா மலைப்பக்கம், ஓசார்க்ஸுக்குத் தெற்கே. ஆனா நிலம் அதே மாதிரிதான்: செங்குத்தான சரிவு, மெல்லிய மண், பாறை. மழை ஊறாது, நேரா ஓடையில விழும். 2017 வசந்தத்துல மிசூரியோட கரண்ட் ஆறு கரையோர கேம்ப்கிரவுண்டுகளைச் சூறையாடிச்சு. 2025 ஜூலை 4 டெக்சஸ்ல குவாடலூப் ஆறு ஆர்வி பார்க்குகளை என்ன பண்ணிச்சுன்னு எல்லாரும் பார்த்தோம்.

"ரிவர்ஃப்ரண்ட் சைட்"னு கூடுதல் காசு கேட்டா அந்தக் காசுக்கு மேட்டு லூப்ல இடம் கேளுங்க. சேட்டிலைட் படத்துல ஆத்துக்கும் சைட்டுக்கும் உயர வித்தியாசம் தெரியாது. டோபோ மேப் (நில உயரத்தைக் கோடு போட்டுக் காட்டுறது) பாருங்க. போய்ச் சேர்ந்ததும் மரக்கிளையில காய்ஞ்ச சருகு, பிளாஸ்டிக் தொங்குதான்னு அண்ணாந்து பாருங்க. தண்ணி முன்னாடி வந்து நின்ன மட்டம் அதுதான்.

மேடு பள்ளம் · பிப்ரவரி 4, இரவு 9:20

கரையோரம் சொல்றது ஆத்துக்குச் சரி. ஏரிக்கரைக்கு அது பொருந்தாது, அங்கே தண்ணி பாயாது.

கரையோரம் · பிப்ரவரி 4, இரவு 9:48

பாயாது, ஆனா ஏறும். இங்கே இருக்கிற பெரிய ஏரிங்க பெரும்பாலும் அணைத் தேக்கம், வெள்ளத்தைப் பிடிச்சு வைக்கவும் மின்சாரம் எடுக்கவும் கட்டினது. டேபிள் ராக் ஏரியோட சாதாரண மட்டம் கடல் மட்டத்துலேர்ந்து 915 அடி, வெள்ளக் கொள்ளளவோட உச்சம் 931. அந்த 16 அடிக்கு நடுவுலயும் கேம்ப்சைட் இருக்கு. வசந்தத்துல மழை கொட்டினா ஜூன்ல உங்க சைட் தண்ணிக்குள்ள இருக்கும், புக்கிங்கை ரத்து பண்ணிப் பணம் திருப்பிடுவாங்க. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடமில்லாம நிப்பீங்க. கிளம்புற வாரம் ஆர்மி கோர் இணையதளத்துல ஏரி மட்டப் பக்கத்தைப் பாருங்க.

அணைக்குக் கீழ்ப்பக்கம் வேற கதை. புல் ஷோல்ஸ் அணைக்குக் கீழே ஒயிட் ஆத்தங்கரையில ஸ்டேட் பார்க் இருக்கு, ஆர்விக்கு அருமையான இடம். ஆனா அந்தத் தண்ணி ஏரியோட அடியிலேர்ந்து வர்றது. டிரவுட் மீன் வாழுற குளிர்ச்சி, ஜூன்லயும் குழந்தை இறங்கி விளையாடுற தண்ணி இல்லை. மின்சாரம் உற்பத்தி பண்ண ஆரம்பிச்சா முழங்கால் ஆழம் கொஞ்ச நேரத்துல தலைக்கு மேல. சைரன் கேட்டா கரையேறணும்னு 9 வயசுக்குச் சொல்லி வைங்க. 4 வயசை அங்கே கொண்டே போக வேண்டாம்.

பயணக்குடில் · பிப்ரவரி 5, காலை 7:02

நான் நீச்சல் குளம்னுதான் கேட்டேன். இப்போ குளியலறைக்கே பயமா இருக்கு.

சாக்கடைச் சித்தர் · பிப்ரவரி 5, காலை 7:10

குளியலறையைப் பத்தி நான் நேத்தே சொல்லிட்டேன்.

மேடு பள்ளம் · பிப்ரவரி 5, காலை 11:35

வழி, இடம், சாய்வு மூணும் என் பங்கு.

வழி. கார் ஜிபிஎஸ் போட்டுக்கிட்டு இந்த ஊர்ல 28 அடி வண்டி ஓட்டக் கூடாது. பஃபலோ நேஷனல் ரிவர்ல ஸ்டீல் க்ரீக் கேம்ப்கிரவுண்ட் போட்டோல பார்த்தா உயிரே போகும் அழகு. இறங்குற ரோடு செங்குத்து, ஆர்விக்கு ஆகாது. அதே பார்க்ல பஃபலோ பாயிண்ட்ல கரெண்டும் தண்ணியும் உள்ள சைட் இருக்கு, ரோடும் நல்ல ரோடு. டெவில்ஸ் டென் ஸ்டேட் பார்க் போறதா இருந்தா, 26 அடிக்கு மேல ட்ரெய்லர் இழுத்து வர்றவங்க வெஸ்ட் ஃபோர்க் எக்ஸிட்ல இறங்கி ஹைவே 170ல வாங்கன்னு பார்க்கே சொல்லுது. உங்களுது ட்ரெய்லர் இல்லை, இருந்தாலும் அந்த வழியே வாங்க. பார்க்கோட சொந்தப் பக்கத்துல "டைரக்ஷன்ஸ்" பகுதியைப் படிக்காம புக் பண்ணாதீங்க.

கிராமத்து ரோடு பல இடத்துல ஓடையைப் பாலமில்லாம தரையோட கடக்கும். தண்ணி ஓடினா நில்லுங்க. ஒரு அடி ஓட்டம் காரை மிதக்க வைக்கும், ரெண்டு அடி பெரும்பாலான வண்டியை இழுத்துட்டுப் போயிடும். ஆர்வி கனமான வண்டிதான், ஆனா பக்கவாட்டுச் சுவர் பெருசு, தண்ணிக்கும் காத்துக்கும் நல்ல பிடி கொடுக்கும்.

இடம். சைட் நீளம் 30 அடின்னு போட்டிருந்தா உங்க 28 அடி நுழையும், ஆனா ஏணியும் பம்பரும் சேர்த்து அளந்தீங்களா? கிளாஸ் சி வண்டிக்குப் பின்சக்கரத்துக்கு அப்பால நீண்ட வால் உண்டு. இடப்பக்கம் திருப்பினா வால் வலப்பக்கம் வீசும், அங்கேதான் சைட் நம்பர் போஸ்ட்டும் தண்ணிக் குழாயும் நிக்கும். ஒருத்தர் இறங்கி நின்னு பார்த்துச் சொல்லணும். ஸ்லைடு-அவுட் (நிறுத்தின பிறகு வெளியே நீளுற சுவர்) இருந்தா அந்தப் பக்கம் 3 அடி விடணும். உயரம் 12 அடின்னு வெச்சுக்கிட்டு மேலே கிளையையும் பாருங்க, கூரையில ஏசி இருக்கு.

சாய்வு. இதை யாரும் கணக்குப் போடுறதில்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 18 அடின்னா 216 அங்குலம். ஒரு டிகிரி சாய்வுக்கே முன்னாடி பின்னாடி கிட்டத்தட்ட 4 அங்குலம் ஏத்தணும். ரெண்டு டிகிரிக்கு ஏழரை. பிளாஸ்டிக் பிளாக் ஒண்ணு ஒரு அங்குலம் ஏத்தும், வாடகைப் பெட்டியில பத்து இருந்தா அதிகம். பக்கவாட்டுல மட்டும்னா டிகிரிக்கு ஒண்ணேகால் அங்குலம், சமாளிக்கலாம். பின்னாடி ரெட்டைச் சக்கரம். ஏத்தினா ரெண்டையும் சேர்த்து ஏத்தணும், ஒண்ணுல நிக்க விடக் கூடாது. கேஸ் ஃப்ரிட்ஜ் இருந்தா அதுக்கும் சமதளம் முக்கியம், பக்கவாட்டுல 3 டிகிரிக்கு மேல சாய்ஞ்சா குளிர்ச்சி போயிடும். ரிவ்யூல "அன்லெவல்"னு ரெண்டு பேர் எழுதியிருந்தா அந்த லூப்பை விட்டுடுங்க.

வாண்டு அம்மா · பிப்ரவரி 5, மதியம் 1:05

இதோட ஒண்ணு சேர்க்கணும்: கதவு எந்தப் பக்கம் திறக்குது. ஆர்வி கதவு வலப்பக்கம், அதாவது ஓட்டுநருக்கு எதிர்ப்பக்கம். பின்னாடி தள்ளி நிறுத்தினா மேசையும் தீ வளையமும் அந்தப் பக்கம் இருக்கணும், ஹூக்கப் மறுபக்கம். ஒருவழி லூப்ல சில சைட்டுகள் தப்பா அமைஞ்சிருக்கும்: கதவைத் திறந்தா பக்கத்து வண்டியோட சாக்கடை ஹோஸ், உங்க மேசை வண்டிக்கு அந்தப் பக்கம். சமைச்சுக்கிட்டே குழந்தையைப் பார்க்க முடியாது. சைட் போட்டோவுல பெடஸ்டல் எந்தப் பக்கம்னு பார்த்தா தெரிஞ்சுடும்.

அம்மாவுக்கு: வண்டிப் படி உயரம் அதிகம், கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவுல ஒரு அடி வரை இருக்கும். ஆடாத ஸ்டெப் ஸ்டூல் ஒண்ணு எடுத்துக்குங்க. வழுக்கும் புல் தரையைவிட கான்க்ரீட் அல்லது இறுகின சரளை பேட் (வண்டி நிக்கிற தளம்) உள்ள சைட் நல்லது. மாற்றுத்திறனாளி சைட்டை பிளாக்கார்ட் (மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டை) இல்லாம எடுக்க வேண்டாம், அதைக் கேட்டு வாங்குறதுக்கு விதி இருக்கு.

பயணக்குடில் · பிப்ரவரி 5, மாலை 6:30

62 வயசுக்கு மேல சீனியர் பாஸ்ல கேம்பிங் பாதி விலைன்னு ஒருத்தர் சொன்னார். அம்மா பேர்ல எடுக்கலாமா?

கரையோரம் · பிப்ரவரி 5, மாலை 6:52

விசிட்டர் விசாக்குக் கிடையாது. குடிமக்கள், நிரந்தரவாசிகளுக்கு மட்டும். உங்க 9 வயசு நாலாம் வகுப்புன்னா அவனுக்கு நாலாம் வகுப்பு பாஸ் உண்டு, நுழைவுக் கட்டணத்துக்கு. கேம்பிங் கட்டணத்துல குறையாது.

மேடு பள்ளம் · பிப்ரவரி 5, மாலை 7:15

அந்த பாஸ் இங்கே எதுக்கு? பஃபலோவுக்கும் ஓசார்க் ரிவர்வேஸுக்கும் (மிசூரியில நேஷனல் பார்க் சர்வீஸ் இடம்) நுழைவுக் கட்டணமே கிடையாது. ரெண்டு மாநிலத்து ஸ்டேட் பார்க்கும் அப்படித்தான். பையனுக்கு பாஸ் கொடுத்துச் சந்தோஷப்படுத்தலாம், அவ்வளவுதான்.

முப்பது ஆம்ப் · பிப்ரவரி 6, காலை 8:20

தனியார் பார்க் பத்தி யாரும் பேசலை. நீச்சல் குளம் வேணும்னா பெரும்பாலும் அங்கேதான் போகணும். கேஓஏங்கிற தனியார் கேம்ப்கிரவுண்ட் தொடர்ல மூணு ரகம்: ஜர்னி, ஹாலிடே, ரிசார்ட். ஜர்னி நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு ராத்திரி தங்கிப்போக, ரிவர்ஸ் எடுக்காம நேரா நுழைஞ்சு வெளியேறுற புல்-த்ரூ சைட் அதிகம். குழந்தைகளோட மூணு நாள் தங்குறதுன்னா ஹாலிடே அல்லது ரிசார்ட். பேர்ல என்ன இருக்குன்னு பார்க்காம ஜர்னியில மூணு நாள் எடுத்தா லாரி எண்ணிக்கிட்டிருக்கலாம்.

சின்ன தனியார் பார்க்ல பாதி சைட் மாசக் குத்தகை. பைப்லைன், கட்டுமானம், மருத்துவமனை வேலைக்கு வந்தவங்க. நல்ல மனுஷங்கதான், ஆனா விடியற்காலை அஞ்சு மணிக்கு டீசல் பிக்-அப் உறுமும், குளத்தைப் பராமரிக்க ஓனருக்கு அவசரம் இருக்காது. சேட்டிலைட் படத்துல வண்டியோட ஒட்டி மரத் திண்ணை, ஷெட், அடிப்பாகத்தைச் சுத்தி தட்டி அடைச்சது தெரிஞ்சா அது நிரந்தரக் குடி. போன்ல நேரா கேளுங்க: "ஓவர்நைட் சைட் எத்தனை, அது தனி லூப்பா?"

மேடு பள்ளம் · பிப்ரவரி 6, காலை 9:05

அதே சேட்டிலைட் படத்துல ரயில் பாதையையும் தேடுங்க. பாதையைவிட முக்கியம், ரோடு ரயில் பாதையைக் கடக்கிற இடம். சட்டப்படி கிராசிங்குக்கு 15லேர்ந்து 20 செகண்டுக்கு முன்னாடியே ஹார்ன் அடிச்சாகணும்: ரெண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம். 96 டெசிபலுக்குக் குறையக் கூடாதுன்னும் விதி. ராத்திரி மூணு மணிக்கும் அதேதான். ரயில் பிடிச்ச 4 வயசுப் பையன்னா கூடுதல் வசதின்னு எழுதிக்கலாம்.

வாண்டு அம்மா · பிப்ரவரி 6, மதியம் 12:15

உண்ணி. ஜூன்ல ஓசார்க்ஸ்ல இதைப் பேசாம இருக்க முடியாது. லோன் ஸ்டார் உண்ணி இங்கே ஏராளம். புல் வெட்டின சைட்டா, மேசைக்கும் காட்டுக்கும் நடுவுல வெட்டவெளி இருக்கான்னு போட்டோவுல பாருங்க. வெளிப்பக்க சைட் எடுங்கன்னு மேலே சொன்னேன். அதுக்கு விலை இதுதான், காடு பக்கத்துலயே இருக்கும். அதனால பின்பக்கம் பத்தடியாவது வெட்டின புல் உள்ள சைட்டைத் தேடுங்க, புதர் நேரா பேடைத் தொடுறது வேண்டாம்.

துணிக்கும் ஷூவுக்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின் பூச்சிமருந்து, கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுலயே அடிச்சுக் காய வைங்க. தோல்ல அடிக்கக் கூடாது, தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் உள்ள பூச்சி விரட்டி. தினம் ராத்திரி குளிக்கும்போது அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்னாடி, முடி வேர் பார்த்துடுங்க. ஒட்டியிருந்தா மெல்லிய நுனி ட்வீசரால தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணும். தீக்குச்சி, எண்ணெய் வைத்தியம் எல்லாம் வேண்டாம்.

சாக்கடைச் சித்தர் · பிப்ரவரி 6, மதியம் 12:40

அந்த உண்ணி கடிச்சா சிலருக்கு மாட்டுக்கறி, ஆட்டுக்கறி அலர்ஜியே வந்துடும், சாப்பிட்டு ரெண்டு முதல் ஆறு மணி நேரம் கழிச்சு. வீட்டுல சைவம்னா தப்பிச்சீங்க.

வாண்டு அம்மா · பிப்ரவரி 6, மதியம் 12:52

தப்பலை சித்தரே. சிலருக்குப் பாலும் ஜெலட்டினும்கூட ஒத்துக்காம போகுது.

கரையோரம் · பிப்ரவரி 6, இரவு 9:30

செல்போன் சிக்னல். இந்தப் பள்ளத்தாக்குகள்ல பல இடத்துல சுத்தமா கிடையாது. கம்பெனி மேப்ல நிறம் அடிச்சிருக்கும், ஆத்தங்கரையில ஒரு கோடுகூட வராது. அதனால கையில ஒரு வெதர் ரேடியோ, பேட்டரியில ஓடுறது. 162.400லேர்ந்து 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு சேனல் இருக்கு, அங்கே எது கேட்குதோ அதுல வெச்சுடுங்க.

எச்சரிக்கை கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பேர்லதான் வரும். "டேனி கவுண்டி"ன்னு ரேடியோ கத்தும்போது அது நாமதானான்னு தெரியலைன்னா பிரயோஜனமில்லை. கவுண்டி பேர், மேற்கே அடுத்த கவுண்டி பேர், கேம்ப்கிரவுண்ட் பேர், சைட் நம்பர், நாலையும் ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டுங்க. புயல் பெரும்பாலும் மேற்கேயிருந்துதான் வரும். 911 கூப்பிடும்போதும் அதே தாள் உதவும். செக்-இன்ல ஒரே கேள்வி: "டொர்னாடோ வந்தா எங்கே ஓடணும்?" பல இடத்துல பதில் கான்க்ரீட் பாத்ஹவுஸ். ஆர்விக்குள்ள இருக்கக் கூடாது. ராத்திரி அங்கே நடந்தே போற வழியை வெளிச்சத்துலயே ஒரு தடவை அம்மாவோட நடந்து பார்த்துடுங்க.

இன்னொண்ணு, லைஃப் ஜாக்கெட். படகுல ஆர்கன்சா சட்டம் 12 வயசு வரைக்கும் கட்டாயம்னு சொல்லுது, மிசூரி 7 வயசுக்குக் கீழே மட்டும். டேபிள் ராக், புல் ஷோல்ஸ் ரெண்டும் ரெண்டு மாநிலத்துலயும் விரிஞ்சு கிடக்குது, ஏரி நடுவுல கோடு போட்டு வைக்கலை. ரெண்டு பேருக்கும் போட்டுடுங்க.

பயணக்குடில் · பிப்ரவரி 7, இரவு 10:05

சரி, குளம் கட்டாயம்ங்கிற என் விதியைத் தூக்கிட்டேன். இப்போதைக்கு: மூணு ராத்திரி பஃபலோ பாயிண்ட், நடுவுல ஒரு ராத்திரி குளம் உள்ள தனியார் பார்க் (துணி துவைக்க, டேங்க் காலி பண்ண), அப்புறம் மூணு ராத்திரி டேபிள் ராக்ல கோர் கேம்ப்கிரவுண்ட். வெள்ளி, சனி எல்லாம் நிறைஞ்சிருக்கு.

மேடு பள்ளம் · பிப்ரவரி 7, இரவு 10:31

ஃபெடரல் இடங்களை புக் பண்ற ரெக்ரியேஷன்.காவ் தளத்துல பெரும்பாலான இடம் 6 மாசம் முன்னாடியே திறந்துடும், ஜூன் நடுவுக்கு டிசம்பர்லயே. இப்போ ரெண்டு வழி. அவெயிலபிலிட்டி அலர்ட் போட்டு வைங்க, தேதி நெருங்கும்போது கேன்சல் வரும். இல்லாட்டி சுத்தைத் திருப்புங்க: ஞாயிறு சேர்ந்து புதன் கிளம்புற மாதிரி ஃபெடரல் இடம், புதன், வியாழன் ராத்திரி ஸ்டேட் பார்க், வார இறுதிக்குத் தனியார். குளத்துக்கு ஒரு ராத்திரி போதும்னு நினைச்சது ரெண்டு ராத்திரி ஆகும், பசங்க புகார் சொல்ல மாட்டாங்க.

சாக்கடைச் சித்தர் · பிப்ரவரி 7, இரவு 10:58

இந்தச் சுத்துல இன்னொரு லாபம். ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு டம்ப் ஸ்டேஷன்ல வண்டி வரிசை ரோடு வரை நிக்கும், ஒவ்வொருத்தருக்கும் பத்து நிமிஷம். புதன் காலையில உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டாங்க. டிஸ்போசபிள் கையுறை ஒரு பெட்டி, குடிதண்ணிக்குத் தனி ஹோஸ், பிரஷர் ரெகுலேட்டர் மூணும் வாடகைப் பெட்டியில இருக்கான்னு சாவி வாங்கும்போதே பாருங்க. டம்ப் ஸ்டேஷன்ல "நான்-போட்டபிள்"னு (குடிக்க ஆகாது) போட்ட குழாயில உங்க குடிதண்ணி ஹோஸை மாட்டிடாதீங்க. அது ஹோஸ் கழுவ.

முப்பது ஆம்ப் · பிப்ரவரி 8, காலை 7:45

விறகு வீட்டுலேர்ந்து எடுத்துட்டுப் போகாதீங்க. ஆஷ் மரத்தை அரிக்கிற எமரால்டு ஆஷ் போரர் வண்டு 2008ல மிசூரிக்கும் 2014ல ஆர்கன்சாவுக்கும் வந்தாச்சு, விறகோடதான் ஊர் ஊராப் பரவுது. கேம்ப்கிரவுண்ட் பக்கத்துலயே வாங்குங்க, இல்லாட்டி வெப்பத்துல பதப்படுத்தினதுன்னு முத்திரை போட்ட கட்டு.

தீ வளையத்துல ராத்திரி தண்ணி ஊத்திக் கிளறி மறுபடி ஊத்தணும். மேலே சாம்பல் வெள்ளையா இருந்தாலும் அடியில காலை வரைக்கும் கங்கு இருக்கும், 4 வயசுக்காரன் முதல்ல கை வைக்கிற இடம் அந்த இரும்பு வளையம்தான்.

பயணக்குடில் · பிப்ரவரி 8, காலை 8:10

50 ஆம்ப் சைட் மட்டும்தான் கிடைச்சா 30 ஆம்ப் வண்டியை மாட்டலாமா?

முப்பது ஆம்ப் · பிப்ரவரி 8, காலை 8:16

மாட்டலாம். பெடஸ்டல்ல 30 சாக்கெட்டும் இருக்கும் பெரும்பாலும், இல்லாட்டி 50லேர்ந்து 30க்கு இறக்குற டாக்போன் அடாப்டர் ஒண்ணு. உங்களுக்குக் கிடைக்கிறது அதே 3,600 வாட்தான், வண்டிக்குள்ள மெயின் பிரேக்கர் 30. ஏசி ஓடும்போது கெட்டிலோ மைக்ரோவேவோ, அப்பவும் ஏதாவது ஒண்ணுதான்.